அத்தானின் பித்தளைக் கம்பி

கயிற்றில் கட்டிய வட்டக் காந்தத்தை அக்கா தன் வீட்டு ஹால் முழுக்க இழுத்துக்கொண்டு நடப்பாள். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம். நாய்க்குட்டியைக் கூட்டிப்போகிறாயா என்று நான் கேலி செய்வேன். ரவாங்கிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கோல சிலாங்கூருக்கு அவர்களைப் பார்க்கப் போகும்போதெல்லாம் இந்த ஊர்வலம் நடக்கும். எல்லாம் அத்தானால், அக்காவின் கணவரால் வந்தது. தூண்டிலுக்கு வேண்டிய கம்பிச் சாமான்களை அவர் வீட்டிலேயே செய்வார். வெட்டிய துணுக்குகள் தரையெல்லாம் தெறிக்கும். அவருக்கோ சர்க்கரை நோய். பாதத்தில் உணர்ச்சியே இல்லை. சின்னக் காயம் பட்டால்கூடக் காலை எடுக்க வேண்டிவரும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள்.

செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். கண் மங்கியதும் வேலை போய்விட்டது. பிறகு அவருக்கென்று மிஞ்சியது சுங்கை செம்பிலாங் கடற்கரையும் தூண்டிலும்தான். கடையில் விற்பது எதுவும் அவருக்கு ஆகாது. சட்டை மாட்டும் கம்பியை நிமிர்த்தி, பலகையில் அடித்த ஆணியைச் சுற்றி வளைத்து, இரு முனையிலும் வளையம் வைத்து, ஒரு சிறிய கை போல நீட்டி நிற்கும்படி முறுக்குவார். அந்தக் கையில் தூண்டில் முள்ளைக் கட்டினால் அது நைலான் நரம்போடு சிக்கிக்கொள்ளாதாம். கடைசியில் குறடு ‘டக்’கென்று கடிக்கும், நுனி எங்கேயோ பறக்கும். “எங்க விழுந்துச்சு?” என்று அடுப்படியிலிருந்து அக்கா கத்துவாள். “கடல்ல,” என்பார்.

அக்கா காந்தத்தைத் தூக்கிக் காட்டும்போது அதில் முடி முளைத்ததுபோலத் துணுக்குகள் நிற்கும். “பாருடி உங்க அத்தான் பிடிச்ச மீன. கடல்ல ஒன்னும் இல்ல, எல்லாம் வீட்டுலதான் லா.” அவர் வெட்கமில்லாமல் சிரிப்பார். எனக்கு அந்த வீட்டில் மிகவும் பிடித்தது அந்தச் சிரிப்புதான்.

அந்தக் கம்பிகள் உப்புத் தண்ணீரில் சீக்கிரமே துருப்பிடித்தன. வெல்டிங் கடை வைத்திருந்த அவருடைய பழைய கூட்டாளி, துருவே பிடிக்காது என்று சொல்லிப் பித்தளைக் கம்பிகளைக் கொடுத்தார். அத்தானுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அதன் பிறகு காந்தம் சுத்தமாக வந்தது. “ஒரு துணுக்குகூட இல்லடி. மனுசன் திருந்திட்டாரு,” என்று அக்கா போனில் பூரித்துப்போனாள். காந்தம் பித்தளையைப் பிடிக்காது என்பது எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மஞ்சள் பூப்போட்ட ரப்பர் விரிப்பில் மஞ்சள் துணுக்குகள் கண்ணுக்கும் தெரியவில்லை.

விரிப்பில் ஈரமாகக் காலடி பதிவதை அக்கா கவனித்தபோது பாதம் உள்ளேயே அழுகியிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் புண்ணிலிருந்து எடுத்ததை ஒரு தட்டில் வைத்துக் காட்டினார். அரிசி நீளத்தில் மஞ்சளாய் ஒரு கம்பி. அக்கா சாப்பாடு வாங்கக் கீழே போயிருந்தாள். அத்தான் அதைக் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். “காந்தம்...” என்றார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுச் சொன்னார்: “வெளிய வெறுங்காலோட போயி ஆணிய மிதிச்சிட்டேன்னு அக்காகிட்ட சொல்லிடு.”

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அன்று தொடங்கிய அக்காவின் திட்டு இன்னும் ஓயவில்லை. கோயிலில், கடையில், எங்கே யாரைப் பார்த்தாலும் செருப்புப் போடாமல் போன புருஷனின் கதைதான். கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு எரியும். ஒருநாள் பொறுக்காமல், உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று அத்தானிடம் கேட்டேன்.

“வேணாம்மா. என்னைத் திட்டினா ராத்திரி தூங்கிடுறா. தன்னையே திட்டிக்க ஆரம்பிச்சா தூங்கவே மாட்டா.”

போன வாரம் கிளினிக்கில் மற்றக் காலைப் பார்த்தார்கள். பெருவிரல் கறுத்துவிட்டது. அந்தக் காலும் தங்காது என்பது எங்களுக்குத் தெரிந்துவிட்டது. வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கா காரின் பின் இருக்கையில் அழுதுகொண்டே திட்டினாள். “அன்னைக்கு ஒரு செருப்ப மாட்டிக்கிட்டு போயிருந்தா இப்படி ஆயிருக்குமா? சொன்னா கேட்டாத்தானே?”

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தான் முகத்தைத் திருப்பாமல் சொன்னார்.

“தப்புதான்மா. கேட்டிருக்கணும்.”