சூட்டில் அளந்த கம்ப்ரஸர்

மீட்டரக்கா என்றால்தான் அவளைக் கடைத்தெருவில் தெரியும். கணவனும் மனைவியுமாகக் குளிர்பெட்டி பழுது பார்க்கிறார்கள். குழாய் வெட்டி ஒட்டுவது அவர் வேலை. மின்சாரம் இவள் வேலை. கல்யாணமான புதிதில் செத்துப்போன கம்ப்ரஸர் ஒன்றை ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் பார்த்தவள். உள்ளே எண்ணெயில் கால் நனைத்தபடி மோட்டாரும் பிஸ்டனும் ஸ்பிரிங் மேல் அடக்கமாக உட்கார்ந்திருந்தன. திருகாணிகூட இல்லாமல் மூடி ஒட்டிய அந்தக் கறுப்புக் குண்டின் வயிறு அன்று முதல் அவளுக்கு அத்துப்படி.

அன்று மதியம் பேக்கரியின் குளிரறை நின்றுவிட்டது. உள்ளே நாற்பது கிரீம் கேக். ஐந்து மணிக்கு எடுத்துப்போக ஆள் வரும். அவள் வந்து சேர்வதற்குள் கணவர் முடிவே கட்டிவிட்டார்.

“மோட்டார் காயில் எரிஞ்சுபோச்சு. மீட்டர் அசையவே இல்ல. புதுசு மாத்த மூணு மணி நேரம் ஆகும். குழாயை வெட்டட்டா?”

“கொஞ்சம் கையை எடுங்க.”

குண்டைத் தொட்டாள், சுரீர் என்றது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு அதன் மூன்று மின்முனைகளையும் அளந்தாள். பொது முனைக்கும் மற்ற இரண்டுக்கும் நடுவே மீட்டர் அசையவில்லை. ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவே ஏழு ஓம் காட்டியது.

“காயில் அறுந்திருந்தா இது எப்படிங்க காட்டும்? உள்ள பொது முனையில இருக்கிற காவல் சுவிட்ச்தான் சூடு தாங்காம திறந்துக்கிச்சு. ஆறினா தானா மூடிக்கும்.”

“மூடலைன்னா? அப்புறம் மாத்தவும் நேரமிருக்காது.”

“ஐயோ, என் கேக்கு கூழாயிடும்க்கா!” என்றாள் பேக்கரிக்காரி.

“மூடும்.”

அந்தச் சுவிட்சே கெட்டிருந்தால் கதை கந்தல்தான். அது அவளுக்கும் தெரியும். குளிரறைக் கதவைத் திறக்கக் கூடாது என்றாள். குண்டின் மேல் ஈரத்துணி போட்டு, மேசை விசிறியைத் திருப்பினாள். பின்னால் போனவளுக்குச் சிரிப்பு வந்தது. இடம் மிச்சம் பிடிப்பதாக நினைத்து, சூடு வெளியேறும் கம்பிவலையை ஒட்டிக் காலி அட்டைப்பெட்டிகளைக் கூரை வரை அடுக்கியிருந்தார்கள்.

“அது மூச்சு விடுற மூக்கும்மா. அடைச்சு வச்சா மயங்காம என்ன செய்யும்?”

பெட்டிகளை எல்லோருமாக அகற்றினார்கள். முக்கால் மணி நேரம் கழித்து, குண்டுக்குள்ளிருந்து சின்னதாக ஒரு ‘டிக்’.

மீட்டரை வைத்தாள். பொது முனையோடு ஒன்று இரண்டு ஓம், மற்றது ஐந்து.

“ரெண்டும் அஞ்சும் ஏழு. ஆள் முழுசா இருக்கான்.”

பொத்தானைத் தட்டியதும் ஒரு உறுமல், பிறகு சீரான முனகல். ஐந்து மணிக்கு நாற்பது கேக்கும் பூ கலையாமல் வண்டி ஏறின.

“சூடா இருக்கும்போது எதையும் அளக்கக் கூடாது போல,” என்றார் கணவர், அசடு வழிந்தபடி.

“என்னையும் சேர்த்துத்தான்,” என்றாள்.