செட்டு மாத்திரை

காஞ்சிபுரத்தில் தறியில் உட்காருகிற யாரைக் கேட்டாலும் இடுப்பு வலிக்கு ஒரே பதில்தான்: மெடிக்கலில் ஒரு செட்டு வாங்கிப் போடு. வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, ரோஸ் நிறத்தில் குட்டியாக ஒன்று. அட்டையைக் கத்தரித்துப் பழுப்புக் கவரில் போட்டு நீட்டுவார்கள். பெயர் கேட்கிற பழக்கம் எங்கள் தெருவில் கிடையாது. நானும் பத்து வருடமாக முழுங்குகிறேன், குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

என் தம்பி ஸ்ரீபெரும்புதூரில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் இருந்தான். இரண்டு வருடத்துக்கு ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் நான். நான் சொன்னால் மறுபேச்சு பேச மாட்டான். பெட்டி கட்டியதும் நான்தான். இட்லிப் பொடி டப்பாவுக்குள் ஒரு மாதத்துக்கான செட்டுகளை ஒளித்து வைத்தேன். டாக்டர் சீட்டு இல்லாத மாத்திரையோடு பிடித்தால் விசாவையே ரத்து செய்துவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்கள். சொன்னவர்களுக்கும் ஒன்றும் தெரியாது, கேட்ட எனக்கும் தெரியாது.

அங்கே பனியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டது. டாக்டரைப் பார்க்கட்டுமா என்று போனில் கேட்டான். டாக்டர் எதற்கு, டப்பாவில் செட்டு இருக்கிறதே, காலையில் ஒன்று ராத்திரி ஒன்று போடு என்றேன். பத்து நாள் போட்டான். வலி குறையவில்லை, வயிறு வேறு எரிகிறது என்றான். மோர் குடி என்றேன். குடித்தான்.

பதினோராம் நாள் காலைத் தரையில் ஊன்றவே முடியாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போனான். அங்கிருந்தே எனக்குப் போன் அடித்தான். ஏற்கெனவே ஏதாவது மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள், என்ன சொல்லட்டும் என்றான். பிடித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்களே என்பதுதான் என் ஒரே பயம்.

"ஒண்ணும் சாப்பிடலன்னு சொல்லுடா. செட்டப் பத்தி யாரு கேட்டாலும் வாயே தெறக்காத."

சரிக்கா என்றான். நானும் போனை வைத்துவிட்டு, தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிம்மதியாக நெய்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் மத்தியானம் அவன் நம்பரிலிருந்து ஒரு பெண் பேசினாள். அங்கே நர்ஸாக இருக்கிற மலையாளப் பெண். வலிக்கு ஊசி போட்டோம், இப்போது ரத்தமாக வாந்தி எடுக்கிறான், வயிற்றுக்குள் எங்கோ கசிகிறது என்று தெரிந்த தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். இதற்கு முன்னால் வீட்டில் ஏதாவது மாத்திரை எடுத்தானா என்று கேட்டாள்.

"தெரியாதும்மா" என்றேன்.

இந்த வாயால்தான் சொன்னேன். ரத்தம் கக்குகிறான் என்று காதில் கேட்ட பிறகும் சொன்னேன்.

கால் மணி நேரம் போயிருக்கும். திரும்பக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் திட்டவில்லை. மாத்திரையின் பெயர் என்ன சேச்சி, சீக்கிரம் வேண்டும் என்றாள். பெயருக்கு நான் எங்கே போவேன்?

வெறுங்காலோடு மெடிக்கலுக்கு ஓடினேன். எந்த மாத்திரை, எப்போது கொடுத்தேன், ஞாபகம் இல்லையே என்று கடைக்காரர் மழுப்பினார். சீட்டு இல்லாமல் கொடுத்தது வெளியே வந்தால் கடைக்கு ஆபத்து என்கிற பயம். முந்தின நாள் எனக்கு இருந்ததும் அதே பயம்தானே, அவரை எந்த முகத்தோடு திட்டுவது?

"என் தம்பி செத்துக்கினு கெடக்குறான்பா. அட்டையக் காட்டு" என்றேன்.

மூன்று அட்டைகளையும் எடுத்து வைத்தார். போட்டோ எடுத்து அனுப்பினேன். இரண்டு வலி மாத்திரை, ஒன்று ஸ்டீராய்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவை வயிற்றைப் புண்ணாக்கியிருந்தபோதுதான், அதற்கு மேல் அதே வகை வலி ஊசியையும் ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்கள். தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டார்கள்.

வயிற்றுக்குள் குழாய் விட்டுக் கசிவை அடைத்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள்தான் அவனால் பேச முடிந்தது. நான்கு வார்த்தை நறுக்கென்று கேட்கட்டும், கேட்டால் எனக்கும் பாரம் குறையும் என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவன் குரல் ரகசியம் சொல்வதுபோல இறங்கியிருந்தது.

"அக்கா, அந்த நர்ஸம்மா மூணு வாட்டி கேட்டாங்க. வாந்தி எடுத்துக்கினு இருக்கும்போதுகூட கேட்டாங்க. நான் சொல்லவே இல்லக்கா. அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னே தெரியல. நீ பயப்படாத, நான் வாயே தெறக்கல."

நான்தான்டா சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். சரிப்பா, ரெஸ்ட் எடு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இன்னும் சொல்லவில்லை.