பூந்தமல்லி வரை பின் சீட்டில்

காலை 6.10. அம்பத்தூர் ஓ.டி.யில் எங்கள் அடுக்ககத்தை விட்டுக் கிளம்பும்போது மீட்டர் 61,408 காட்டியது. லடாக்குக்கும் பூட்டானுக்கும் போய்வந்து எழுதுகிறவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். நாங்கள் போனது மொத்தம் இருபத்து நான்கு கிலோமீட்டர். பட்டாபிராமில் நண்பர்களோடு ஒரு தேநீர், திரும்பி ஆவடி வழியாகப் பூந்தமல்லி. அங்கே வண்டியை, அதை விலைக்கு வாங்கிய வேலு என்பவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். எட்டு வருடம் ஓட்டிய வண்டியில் எனக்கும் என் மனைவி சுமதிக்கும் அதுதான் கடைசிப் பயணம்.

நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த பைக் அது. முன்னால் காற்றைத் தடுக்க உயரமான கண்ணாடி, நிமிர்ந்து உட்காரத் தோதான ஹேண்டில்பார், பின்னால் பெட்டி. சுமதிக்கு இடுப்பு வலி வந்த வருடம் வண்டி சீட்டு தைக்கும் கடையில் கொடுத்துப் பஞ்சை மாற்றி, பெட்டியில் சாய்ந்துகொள்ள ஒரு மெத்தையும் தைத்து வாங்கினேன். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் தாங்காதவள் அந்த சீட்டில் எங்கள் ஊரான தேனி வரை வந்திருக்கிறாள். ஹெல்மெட்டுக்குள் பேசினால் கேட்காது என்பதால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. தோளில் ஒரு தட்டு தட்டினால் மெதுவாகப் போக வேண்டும். இரண்டு தட்டு என்றால் டீ. மூன்று தட்டு என்றால் கோபம்; எதற்கென்று நிறுத்திக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு ஏன் விற்றேன்? எங்கள் பைக் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. புது மாடல் வரப்போகிறது என்று காற்றுவாக்கில் கேட்டாலே பழசைத் தள்ளிவிடுவோம். வந்த பிறகு பழசை யாரும் சீந்த மாட்டார்கள் என்ற பயம். இந்த முறை வண்டியை அடியோடு மாற்றுகிறார்கள் என்றார்கள். பின் சீட்டு இன்னும் அகலமாக வரும் என்று குழுவில் யாரோ எழுதியதை அப்படியே சுமதியிடம் சொன்னேன். அதை நம்பித்தான் அவள் சரி என்றாள். நானும் புதுசுக்கு முன்பதிவு செய்து, பழசை விற்பதற்குக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

புது வண்டியின் படங்கள் முந்தின நாள் மாலைதான் வெளிவந்தன. நான் பார்த்தேன். அவளிடம் காட்டவில்லை.

6.50. பட்டாபிராம் ரயில் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் வழக்கமான டீக்கடை. டீ பதினைந்து ரூபாய். ஆவடியில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் பாஸ்கர், வங்கியில் வேலை பார்க்கும் ரெஜினா, எங்கள் கூட்டத்திலேயே இளையவனான விக்னேஷ் மூவரும் ஒரு போனைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

"இன்னா மாமே, மூஞ்சிய இப்டி மாத்தி வச்சிகிறானுங்க? வெட்டுக்கிளி மாரி கீது" என்றார் பாஸ்கர்.

"செம்மயா கீது அண்ணாத்தே. வெயிட்ட கொறச்சிகிறான். சும்மா பறக்கும்" என்றான் விக்னேஷ். தனி ஆள், சந்தோஷமாக இருந்தான்.

"பறந்துகினு எங்க போவ? பெட்டி மாட்ட எடமே காணோம். துணிமணிய தலையிலயா கட்டிக்கினு போறது?" என்றார் ரெஜினா.

நான் இன்னொரு டீ சொல்கிற சாக்கில் நகர்ந்தேன். அதற்குள் பாஸ்கர் போனைச் சுமதியிடம் நீட்டிவிட்டார். "அண்ணி, பின் சீட்ட பாருங்க. பூனகூட உக்கார முடியாது."

அவள் படத்தை விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு சீட்டு, வாலைத் தூக்கியபடி. பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை, சாய்ந்துகொள்ளப் பெட்டியும் இல்லை.

"இதுல நான் எங்கங்க உக்கார்றது?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, பாஸ்கரிடம், "இது எப்ப வந்துச்சு?" என்றாள்.

"நேத்து சாயந்திரம் அண்ணி. குரூப்புல மொத ஆளா லைக் போட்டதே நம்ம அண்ணன்தான்."

நான் கண்ணாடித் தம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த லைக்கை ஏன் போட்டேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. எல்லோருக்கும் முன்னால் பார்த்துவிட்டேன் என்ற அற்பப் பெருமைதான், வேறென்ன.

7.40. ஆவடியில் திரும்பிப் பூந்தமல்லி சாலையைப் பிடித்தோம். வழியெல்லாம் வேகத்தடைகள். அவள் ஒரு தட்டுகூடத் தட்டவில்லை. பருத்திப்பட்டு ஏரி பக்கம் நானாகவே வண்டியை நிறுத்தினேன்.

"வேலுகிட்ட வேண்டாம்னு சொல்லிடட்டுமா?"

"நேத்தே காட்டியிருந்தா நேத்தே சொல்லியிருக்கலாம். இந்நேரம் அவங்க வாசல்ல வந்து நிப்பாங்க. இப்பப் போய் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது? கெளம்புங்க" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

8.20. பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. மீட்டரில் 61,432. வேலு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டுகிறவர். அவரும் அவர் மனைவி அஞ்சலையும் எலுமிச்சம்பழமும் கற்பூரமுமாக வாசலிலேயே நின்றிருந்தார்கள்.

"புதுசு போட்டோ நேத்து வந்துச்சுல்ல சார்? உடனே ஊட்ல காட்டனேன். அதுல நான் குந்த மாட்டேன், இதான் வேணும்னு ஒரே புடி" என்று சிரித்தார் வேலு.

அவர் உடனே வீட்டில் காட்டியிருக்கிறார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அஞ்சலை பின் சீட்டில் ஏறி, மெத்தையில் முதுகைச் சாய்த்து, "ஊட்டு சோபா மாரி கீதுக்கா" என்றார். சுமதி அந்த மெத்தையின் வாரை இழுத்துச் சரியாகக் கட்டிவிட்டாள்.

"மேடு வந்தா அவர் தோள்ல ஒரு தட்டு தட்டுங்க. இவங்க தானா பாக்க மாட்டாங்க" என்றாள்.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி சந்து முனையில் திரும்பும்வரை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

9.05. திருவேற்காட்டுக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். எனக்கு டிரைவர் பக்கத்தில் இடம். சுமதி எனக்கு நேர் பின்னால், இரண்டு ஹெல்மெட்டையும் மடியில் வைத்துக்கொண்டு. வேலப்பன்சாவடி தாண்டி உள்ளே திரும்பியதும் ஒரு வேகத்தடை. என் தோளில் ஒரு தட்டு விழுந்தது. டிரைவர் அதே வேகத்தில் ஏற்றி இறக்கினார். இரண்டு ஹெல்மெட்டும் முட்டிக்கொண்டன. நான் திரும்பிப் பார்த்தேன். அவள் கையை எடுத்துக்கொண்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

திருவேற்காட்டில் இறங்கி, அம்பத்தூர் பஸ்ஸுக்காக நிற்கும்போது புது வண்டியின் முன்பதிவை ரத்து செய்தேன். ரத்தானதாக வந்த செய்தியை அவளிடம் நீட்டினேன்.

வாங்கிப் படித்தாள். போனைத் திருப்பிக் கொடுத்து, "இத மட்டும் உடனே காட்டுறீங்க" என்றாள்.