ஈரச் சாக்கு மணம்

எழுபதுகளில், ஊரைவிட்டு வந்து குடியேறிய புதிதில், செவன் ஹில்ஸ் என்ற புறநகரில் ஒரு தொழிற்சாலையில் வரைபடம் வரைபவனாக இருந்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் என்னோடு வேலை செய்பவர்கள் என்னையும் பாருக்கு இழுத்துப் போவார்கள். அவர்கள் பியர் குடிக்க, நான் கிளாரட் கேட்பேன். துவர்ப்பான அந்தச் சிவப்பு வைன் எனக்கு லேசில் தொண்டையில் இறங்காது. எனக்குப் பிடித்தது இனிப்பான வெள்ளை மொசெல். அது பெண்கள் குடிப்பது என்று ஒருவன் சொல்லிச் சிரித்ததால் அதை வீட்டில் மட்டும் வைத்துக்கொண்டேன். நூலகத்தில் புத்தகங்கள் எடுத்துப் படித்தேன். கொஞ்ச நாளில் வைன் தெரிந்த ஆள் என்று எனக்கொரு பெயர் வந்தது. அந்தப் பெயரில் எனக்குப் பெரிய பெருமை.

என் மனைவி லிட்கத்தில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்தாள். குடிக்கமாட்டாள். நகரத்துக்கு வெளியே காம்டன் பக்கம், இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு தம்பதி சிறிதாகத் திராட்சைத் தோட்டம் போட்டு வைன் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிறு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

தகரக் கொட்டகையில் நீள மேசை. தோட்டக்காரர் ஒரு போத்தலைத் திறந்து மூன்று கிளாசில் ஊற்றினார். நான் ஒரு வாய் குடித்துவிட்டு, அருமையான கிளாரட் என்றேன். படித்ததில் இருந்து இரண்டு வரியும் சேர்த்துச் சொன்னேன். மனைவி மரியாதைக்குக் கிளாசை எடுத்து முகர்ந்தாள். உடனே கீழே வைத்துவிட்டாள்.

"என்ன, ஒரு வாய் குடியுமன்."

"வேண்டாம். ஈரச் சாக்கு மணக்குது."

அவள் என்ன சொன்னாள் என்று அவர் கேட்டார். நான் சிரித்து மழுப்பப் பார்த்தேன். அவளே ஆங்கிலத்தில் சொன்னாள், மழையில் நனைந்த அரிசிச் சாக்கு போல இருக்கிறது என்று. அவர் தன் கிளாசை முகர்ந்தார், மறுபடியும் முகர்ந்தார். பிறகு போத்தலில் இருந்ததை எல்லாம் வாளியில் ஊற்றினார். போத்தலின் தக்கை கெட்டால் வைன் இப்படித்தான் மணக்கும், மணம் இவ்வளவு லேசாக இருந்தால் தன் மூக்குக்கே தப்பிவிடும் என்றார். அதன் பிறகு ஒவ்வொரு போத்தலையும் திறந்து அவள் முன்னால்தான் வைத்தார். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு வருடம் படித்தவன் நான். சமையலறையில் கிழங்கு உரிக்கிறவளுக்கு இது எப்படி வந்தது என்று வீடு வரும்வரை நினைத்துக்கொண்டே காரை ஓட்டினேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு தோட்டக்காரர் போன் பண்ணினார். வைன்களைக் கலந்து போத்தலில் அடைக்கப்போகிறார்களாம். முகர்ந்து சொல்ல என் மனைவி ஒரு சனிக்கிழமை வரமுடியுமா என்று கேட்டார். அவள் அப்போது குசினியில் சமைத்துக்கொண்டு நின்றாள். எங்கள் வழக்கத்தில் பெண்கள் இதற்கெல்லாம் வருவதில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். யார் என்று அவள் கேட்டாள். தவறான நம்பர் என்றேன்.

சில நாளில் தோட்டக்காரரின் மனைவி அவளுக்கு ஒரு கார்டு அனுப்பியிருந்தாள், உங்கள் வழக்கம் தெரியாமல் வைன் முகர வரச்சொல்லிக் கேட்டுவிட்டோம், மன்னியுங்கள் என்று. நான் வேலையால் வந்தபோது அது மேசையில் விரித்தபடி கிடந்தது.

"இது என்ன வழக்கம்?" என்று மனைவி கேட்டாள்.

நான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"என்னட்டக் கேட்டு நான் மாட்டன் எண்டு சொல்லியிருந்தா அது வேற. நீங்கள் கேக்கவே இல்லை."

"உமக்குப் பிடிக்காதெண்டு நினைச்சன்."

"இல்லை. உங்களுக்குத்தான் பிடிக்கேல்ல."

அதற்கு மேல் அவள் சண்டை பிடிக்கவில்லை. போனை எடுத்து, வாறன் என்று அவர்களிடம் சொன்னாள். அந்தச் சனிக்கிழமை நான்தான் காரோட்டினேன். உள்ளே நான்கு பேர் மேசையைச் சுற்றி இருந்தார்கள். அவள் முகர்ந்து, வாயில் வைத்துத் துப்பிவிட்டு, ஊறின புளி, கருகின வெல்லம், பழைய அலுமாரி என்று சொல்லச் சொல்ல ஒருவர் எழுதினார். நான் வெளி விறாந்தையில் ஒரு கதிரையில் இருந்து யன்னலுக்குள்ளால் பார்த்தேன். வீட்டில் அவள் அப்படிப் பேசி நான் கண்டதில்லை.

திரும்பி வரும்போது, வைன் பிடித்ததா என்று கேட்டேன்.

"குடிக்கப் பிடிக்கேல்ல. மணக்கப் பிடிச்சிருக்கு" என்றாள்.

அடுத்த வருடம் அவள் கார் ஓட்டப் பழகினாள். அவர்கள் கூப்பிட்ட சனிக்கிழமைகளில் தனியாகவே போய் வந்தாள். நான் வீட்டில் நின்று உடுப்புத் தோய்த்தேன். பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். அவள் கார் திரும்பி வரும் சத்தம் கேட்கும்வரை எனக்கு எந்த வேலையும் ஓடாது.