ரத்தத்தில் தெரியாதது

கேன்சர் இல்லை! நேற்று ரிசல்ட் வந்தது. முத்தியால்பேட்டை முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. இதோ, உங்களிடம் கத்துகிறேன்.

என் மகளுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. எப்படி வந்தது? ப்ளீஸ்... அந்தக் கேள்வி மட்டும் வேண்டாம். தினமும் மாத்திரை, வேலை, சினிமா என்று நன்றாகத்தான் இருக்கிறாள். "பேரைப் போடாத, விஷயத்தைப் போடும்மா" என்று அவளே சொன்னதால் எழுதுகிறேன்.

போன மாதம் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். "கர்ப்பப்பை வாய் டெஸ்ட் பண்ணியாச்சா?" என்றார் டாக்டரம்மா.

நான் முந்திக்கொண்டேன். "ரத்த டெஸ்ட்ல வைரஸே தெரியலன்னு வந்துருக்குதே மேடம்!"

எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு ரத்த ரிப்போர்ட்தான் எல்லாம். அது நன்றாக இருந்தால் உடம்பே நன்றாக இருக்கிறது என்று நினைப்பு.

"அது எச்.ஐ.வி. வைரஸ்மா. இந்த கேன்சரைக் கொண்டாறது வேற வைரஸ். மத்தவங்களுக்குப் பெரும்பாலும் தானாவே போயிடும். இவங்க உடம்புல தங்கிட வாய்ப்பு அதிகம். ரத்தத்துல தெரியாது. நேரா பாக்கணும்."

பார்த்தார்கள். ஏதோ ஒரு திரவத்தைத் தடவியதும் வெள்ளையாக ஒரு திட்டு. துளி சதை எடுத்து அனுப்பினார்கள்.

ரிசல்ட் வரும்வரை நான் சமைத்ததை யாராலும் சாப்பிட முடியவில்லை. ரசத்தில் போட்டது உப்பா, சர்க்கரையா — எனக்கே தெரியாது. "டெஸ்ட் எடுத்தது எனக்கா, உனக்கா?" என்றாள் மகள்.

நேற்று சொன்னார்கள்... கேன்சர் இல்லை. ஆனால், விட்டிருந்தால் கேன்சராக மாறியிருக்கக்கூடிய செல்கள். அந்த இடத்துக்கு மட்டும் சூடு கொடுத்து அழித்துவிட்டார்கள். சில நிமிஷம்தான்! அடுத்த வருஷம் மறுபடி பார்க்க வேண்டுமாம். போவோம்!

வலி, ரத்தப்போக்கு என்று எந்த அறிகுறியும் இல்லாத பெண். டாக்டர் கேட்காமல் விட்டிருந்தால்?

வெளியே வந்ததும், மாத்திரைக்குக் காத்திருந்த பெண்களிடம் மகள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு அம்மாள் மெதுவாகக் கேட்டார்: "ரொம்ப வலிக்குமா பாப்பா?"

"லேசா வலிச்சுதுக்கா, அவ்ளோதான். எங்கம்மா பக்கத்துல உக்காந்துனு இருந்தாங்க பாருங்க — அதைத்தான் தாங்க முடியல!"

ஹாலே சிரித்தது. அந்த அம்மாளும் சிரித்துக்கொண்டே எழுந்து, டெஸ்ட் எடுக்கும் அறைக்குள் போனார்.

என்னைக் கிண்டல் செய்தால் ஒரு பெண் டெஸ்டுக்குப் போவாள் என்றால்... தினமும் செய்யட்டுமே!