சால்வைக்குக் கைமாறிய சாவி

எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்க்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், ஊராட்சி அலுவலகம் இருந்த இடம் தன் குடும்பச் சொத்து என்று முன்னாள் தலைவர் சொல்லத் தொடங்கினார். அவருடைய தாத்தா தானமாகக் கொடுத்தாராம். ஊராட்சியே இல்லை என்றால் தானமும் வீடு திரும்பிவிடுமாம். அந்தத் தாத்தாவின் வயலில் கூலி வேலை பார்த்தவர் என் அப்பா. "அந்த ஆளு பூசணி விதைகூட சும்மா குடுத்ததில்ல" என்பார். அது புறம்போக்கு என்பது ஊருக்கே தெரியும்.

அலுவலகத்துக்குப் பின்னால் ஐந்து வீடுகள். கடைசி வீடு எங்களுடையது. தெருவுக்கு வர அந்த வளாகத்தின் ஓரம்தான் ஒரே வழி. இடம் அவர் கைக்குப் போனால் கல்யாண மண்டபம் எழும்பும். நாங்கள் பறந்துதான் வெளியே வர வேண்டும்.

அவர் அலுவலகச் சாவியைத் தரவில்லை. வாசலில் ஒரு பிள்ளையாரையும் உட்காரவைத்தார். எங்கள் பக்கத்தில் புறம்போக்கை வளைக்க முதலில் கடவுளைத்தான் குடிவைப்பார்கள். பிறகு அவருக்குத் துணையாகத் தாங்களும் வந்துவிடுவார்கள்.

மாநகராட்சியிலிருந்து வந்த பெண் பொறியாளர் பூட்டைப் பார்த்துவிட்டுச் சலித்துப்போய் நின்றார். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான், கல்லூரியும் முடித்தவள். அதிகாரி என்றால் குரலைத் தாழ்த்தும் பழக்கம் எனக்கில்லை.

"மேடம், சாவியைக் கேட்டா தரமாட்டாரு. மேடை போட்டுக் கேளுங்க."

"மேடையா?"

"மாலை, சால்வை, மைக். பேனர்ல அவர் போட்டோ பெருசா இருக்கணும். ஊருக்கு ஒப்படைக்கிறார்னு போடுங்க."

"சொத்துன்னு சொல்றவர் இதுக்கா மயங்குவாரு?"

"நீங்க இப்பதான் பாக்கறீங்க. நான் பொறந்ததுலேர்ந்து பாக்கறேன். பதிலுக்கு, நீங்க சுவர் கட்டும்போது எங்களுக்கு வழி விட்டுடுங்க."

அவர் சிரித்தார். கையிலிருந்த வரைபடத்தில் எங்கள் வழியை அங்கேயே கோடு போட்டுக் குறித்துக்கொண்டார்.

விழாவன்று தலைவர் வெள்ளைச் சட்டை மொடமொடக்க வந்தார். மைக்கில் தன்னைத் தானே வள்ளல் என்றார். சால்வை தோளில் விழுந்ததும் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. பக்கத்தில் நின்ற அவருடைய மச்சான் பதறிப்போய்க் காதருகே குனிந்தார். மைக் அணைக்கப்படவில்லை என்பது இருவருக்கும் தெரியாது.

"மச்சான், இன்னா பண்ற? சாவிய குடுத்துட்டா மண்டபம் இன்னாவுறது?"

"கம்முனு இர்றா. போட்டோ எடுத்துகினு கீறாங்க."

சாவி பொறியாளரின் கைக்குப் போனதும் கூட்டம் கைதட்டியது. அம்மாகூடத் தட்டினாள். எனக்கு ஒரு துளி இரக்கமும் வரவில்லை. ஒரு ஊரையே இத்தனை வருடம் ஆண்ட ஆளின் விலை ஒரு ஜரிகைத் துணி.

சுவர் எழும்பியது, ஓரத்தில் ஒரு ஆள் போகும் அகலத்துக்கு எங்கள் வழியும் இருந்தது. ஒரு காலையில் நான் வேலைக்குக் கிளம்பி அதில் வந்துகொண்டிருந்தபோது அவர் எதிரே நுழைந்தார்.

"இந்த வழிய நான்தான் விட்டேன்னு நாலு பேருகிட்ட சொல்லும்மா."

நான் நடையை நிறுத்தவில்லை. அங்கே ஒதுங்க இடம் கிடையாது. அவர் பின்பக்கமாகவே அடிவைத்து, தெரு வரைக்கும் போய்ச் சேர்ந்தார்.