மடியும் பெல்ட்டும்

பர்மிங்காமில் நான் வேலை பார்க்கும் குழந்தைப் பொருள் கடையின் கார் நிறுத்துமிடத்தில் குளிர்காலம் முழுக்க ஒரு காட்சியைப் பார்க்கலாம். பல் கிட்டிப்போகும் குளிரில் ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காருக்கு வருவாள். கதவைத் திறந்ததும் முதல் வேலையாக, குழந்தை போட்டிருக்கும் பஞ்சு அடைத்த கோட்டைக் கழற்றுவாள். மெல்லிய சட்டையோடு பிள்ளையைக் குழந்தை இருக்கையில் உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டி, கழற்றிய கோட்டை மேலே போர்வை மாதிரி போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பதறிவிட்டது. நம் ஊரில் மார்கழிப் பனிக்கே பிள்ளைகளுக்குக் குல்லாய் மாட்டிக் காதை மூடுகிற கூட்டம் நாம். நான் இந்த நாட்டுக்கு வந்து அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, கடையில் பெட்டி அடுக்குகிற வேலை. பொறுக்க முடியாமல் அந்தப் பெண்ணிடம் போய், "பேபி கோல்ட், மேடம்" என்றேன். அவள் முகம் மலர்ந்து, "ஆமாம், பயங்கரக் குளிர், இல்லையா லவ்?" என்று சொல்லிவிட்டுக் கையசைத்துப் போனாள். முன்பின் தெரியாதவர்கள் இந்த ஊரில் பேசிக்கொள்ள இருக்கும் ஒரே விஷயம் வானிலைதான். நானும் அதற்குத்தான் வந்தேன் என்று நினைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து மீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இந்த ஊரில் யாரையும் கூப்பிடுகிற அந்த 'லவ்'வை மட்டும் விட்டுவிட்டு.

மீனா என் மனைவி. தஞ்சாவூரில் நர்ஸாக இருந்தவள், இங்கே ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்து வந்தாள். நான் அவளுடைய விசாவைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தவன். தஞ்சாவூரில் ஏழு வருஷம் கார்களுக்கு சீட் கவர் தைத்துக்கொண்டிருந்தேன். காரின் பின்சீட்டுக்குள் தலையை விட்டு, இண்டு இடுக்கெல்லாம் விரலால் தடவி அளவெடுப்பது எனக்குக் கைவந்த வேலை. இங்கே கடையில் அதைக் கவனித்த மேலாளர் அம்மாள் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, குழந்தை இருக்கைகளைக் காரில் பொருத்தும் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார். கோட்டைக் கழற்றும் ரகசியம் அங்கேதான் தெரிந்தது. குண்டு கோட்டோடு பெல்ட்டை இறுக்கினால் இறுக்கம் கோட்டுக்குத்தான். மோதும்போது பஞ்சு அமுங்கிவிடும், பெல்ட் தொளதொளவென்று நிற்கும், குழந்தை நழுவி வெளியே வந்துவிடும். பெல்ட்டை மாட்டியபின் தோள் பக்கத்தில் இரண்டு விரலால் கிள்ளிப் பார்க்கவேண்டும். கிள்ளி எடுக்க வந்தால் இன்னும் இறுக்கவேண்டும்.

இதைப் படிக்கிற ஊர்க்காரர்களில் யாருக்காவது பேரப்பிள்ளையைப் பார்க்க விமானம் ஏறும் யோசனை இருக்கலாம், அதனால் கொஞ்சம் கடைப் பேச்சும் பேசிவிடுகிறேன். "எது ரொம்ப நல்லது?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் நாங்கள், "காரைக் கொண்டுவந்திருக்கிறீர்களா?" என்று திருப்பிக் கேட்போம். ஒரு காரில் அசையாமல் கிண்ணென்று உட்காரும் இருக்கை இன்னொரு காரில் தொட்டில் மாதிரி ஆடும். உங்கள் காரில் ஆடாமல் உட்கார்ந்து, உங்கள் பிள்ளையின் எடைக்கும் உயரத்துக்கும் சரியாக இருப்பதுதான் நல்லது. வண்டி போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து போகிற வகையில் எவ்வளவு நாள் வைத்திருக்க முடியுமோ அவ்வளவுக்கு நல்லது. நம்மவர்கள் வந்தால் எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். ஸ்கூல் யூனிஃபார்ம் எடுக்கிற மாதிரி, "வளர்ற புள்ளைங்க, ஒரு சைஸ் பெருசாவே குடுங்க" என்பார்கள். சட்டை பெரிதாக இருந்தால் கையை மடித்துவிடலாம், இதை மடிக்க முடியாது என்று சொல்லிப் புரியவைப்பேன். பலர் கேட்டுக்கொள்வார்கள். சிலர் தலையாட்டிவிட்டு இணையத்தில் பெரிய சைஸை வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியும்.

போன தை மாதம் மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போனோம். எங்கள் மகள் யாழினிக்கு இரண்டரை வயது, காது குத்தவேண்டும். காது குத்துவதற்குத் தாய்மாமன் மடி வேண்டும். அந்தத் தாய்மாமன் மீனாவின் தம்பி செந்தில். யாழினியைப் பிறந்ததிலிருந்து அவன் போன் திரையில்தான் பார்த்திருக்கிறான். எங்களிடம் இருந்த ஒரே குழந்தை இருக்கையைத் துணி சுற்றி, சாக்கில் கட்டி, பெட்டிகளோடு சேர்த்துப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். பிறந்த குழந்தை முதல் நாலு வயது வரைக்கும் ஆகிற வகை அது, காரின் பெல்ட்டைக் கொண்டே கட்டலாம். இருந்தாலும் செந்திலுக்கு போன் போட்டு, "ஒன் வண்டில பின்னாடி பெல்ட்டு இருக்கா மாப்ள?" என்று கேட்டேன். "கம்பெனிக்காரன் குடுக்காமயா இருப்பான் மாமா? இருக்கும்" என்றான்.

திருச்சி விமான நிலையத்துக்கு வெளியே செந்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் மனைவி கவிதாவும், அவள் இடுப்பில் ஒரு வயது மகன் கவினும். செந்தில் என்னைக் கட்டிப்பிடித்த கையோடு கார் சாவியை என் உள்ளங்கையில் வைத்தான். "நீங்க ஓட்டுங்க மாமா. நான் பாப்பாவ மடியில வச்சுக்கிட்டு வரேன்" என்றான். ரெண்டரை வருஷம் காத்திருந்தவனின் முகம் அது. "சீட்டு கொண்டாந்திருக்கேன் மாப்ள, அதுல ஒக்கார வச்சிரலாம்" என்று சாக்கைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

காரின் பின்கதவைத் திறந்து பெல்ட்டைத் தேடினேன். தோள் பெல்ட் முதுகுச் சாய்மானத்துக்குப் பின்னால் மடித்துச் செருகியிருந்தது. அதை மாட்டுகிற பூட்டைக் காணவில்லை. சீட்டும் சாய்மானமும் சேருகிற இடத்தில் விரலை விட்டுத் துழாவினேன், கவருக்கு அடியில் புடைப்பாக ஒன்று தட்டுப்பட்டது. மெரூன் நிற ரெக்சின், ஓரத்தில் வெள்ளைப் பைப்பிங். முடிகிற இடத்தில் மூன்று தையல் பின்னோக்கி அடித்து நூலை இறுக்கியிருந்தது. அப்படி முடிப்பது என் வழக்கம். கல்யாணமான புதிதில், செந்தில் கார் வாங்கியபோது, மச்சானுக்கு என்று பார்த்துப் பார்த்து நானே தைத்துக் கொடுத்த கவர் அது. பூட்டை உள்ளே அமுக்கி மேலே துணியை இழுத்துத் தைத்ததும் நான்தான்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் அது தப்பு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பூட்டு இடுப்பில் குத்துகிறது என்பார்கள் வாடிக்கையாளர்கள். பூட்டுக்கு ஓட்டை விட்டுத் தைத்தால் கவர் அங்கே பல்லிளிக்கும், முதலாளிக்குப் பிடிக்காது. மூடித் தைத்துவிட்டால் சோபா மாதிரி வழவழவென்று இருக்கும், வண்டிக்காரர் கையால் தடவிப் பார்த்துச் சிரிப்பார். ஏழு வருஷமும் அப்படித்தான் தைத்தேன், அதில் எனக்குப் பேரும் இருந்தது. இங்கே வந்து தினமும் வெள்ளைக்காரர்களுக்குப் பெல்ட்டைக் கிள்ளிக் காட்டுகிறபோதுகூட எனக்கு அந்த நினைவு வரவில்லை. கை வேறு, புத்தி வேறு என்று இருந்திருக்கிறேன். அந்த வெயிலில் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் வெட்கம் வந்தது. வல்லத்திலும் பாபநாசத்திலும் கும்பகோணத்திலும் என் தையல் போட்ட எத்தனை பின்சீட்டுகளில் பிள்ளைகள் உட்கார்ந்து போகின்றன என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கினேன், எண்ணி முடியவில்லை.

மீனாவின் பெட்டியிலிருந்து நகவெட்டியை எடுத்து ஒவ்வொரு தையலாக வெட்டினேன். நைலான் நூல், லேசில் விடவில்லை. அரை மணி நேரம் ஆனது. செந்தில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நீங்க தச்சத நீங்களே பிரிக்கிறீங்களா மாமா?"

"ஆமா மாப்ள. தச்சது தப்பு."

வெட்டிப்போட்ட நூல் துண்டுகளைப் பொறுக்கினான். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டான்: "ஏன் மாமா, நான் கெட்டியா புடிச்சுக்க மாட்டனா?"

கடையில் இதே கேள்விக்கு என்னிடம் பதில் உண்டு. வண்டி மோதுகிற வேகத்தில் குழந்தையின் எடை பல மடங்காகிவிடும், எந்தக் கையாலும் பிடித்துவைக்க முடியாது என்று ஒரு பொம்மையை வைத்துக் காட்டுவேன். வாடிக்கையாளரிடம் சொல்லலாம். பிள்ளையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிற தாய்மாமனிடம் அதை எப்படிச் சொல்வது? "ஒன் கைமேல நம்பிக்கை இல்லாம இல்ல மாப்ள" என்று மட்டும் சொன்னேன். அவன் என்னிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டுநர் பக்கம் போய் உட்கார்ந்தான். கவருக்கு அடியிலிருந்து வெளியே வந்த பூட்டின்மேல் கம்பெனியின் பாலித்தீன் தாள்கூடக் கிழிபடாமல் இருந்தது. பெல்ட்டை அதில் செருகியபோது 'டக்' என்று புத்தம்புதுச் சத்தம் கேட்டது.

தஞ்சாவூர் தாண்டும்வரை செந்தில் ரோட்டையே பார்த்து ஓட்டினான். கவிதாதான் ஊர்க் கதைகளைச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் முன்சீட்டில், கவின் அவள் மடியில் நின்றுகொண்டு டேஷ்போர்டைத் தாளம் தட்டியபடி. பின்னால் இருந்து நான் அதைப் பார்த்தேன், பார்க்காத மாதிரியும் இருந்தேன். முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லவேண்டுமா என்ற தயக்கம். அய்யம்பேட்டையைத் தாண்டி எங்கள் ஊர்ச் சாலையில் திரும்பினோம். அறுவடைக் காலம். ரோட்டில் பாதியை அடைத்து நெல்லைக் காயப்போட்டு, ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருந்தார்கள். மீதிப் பாதியில் எதிரே ஒரு பைக் வந்துவிட்டது. செந்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தான்.

யாழினி பெல்ட்டுக்குள் ஒரு குலுங்கு குலுங்கினாள், அவ்வளவுதான். கையிலிருந்த பிஸ்கட்டுகூட விழவில்லை. முன்னால் கவின் டேஷ்போர்டை நோக்கிப் பாய்ந்தான். கவிதா முழங்கையை ஊன்றி அவனைத் தடுத்தாள். அவன் நெற்றிக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடம்தான் மிச்சம் இருந்தது. அவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். கவிதா சிரிக்கவில்லை. முழங்கையைத் தேய்த்துக்கொண்டே பின்னால் திரும்பி, யாழினியை ஒருமுறை பார்த்தாள்.

"அண்ணே, அப்ப இவனுக்கு?" என்று கேட்டாள்.

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் அது அப்படித் தைத்தது. என் பிள்ளைக்கு மட்டும் ஒன்றைக் கடல் தாண்டித் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன், இன்னொரு பிள்ளை முன்சீட்டில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "வாங்கிரலாம்மா" என்றேன்.

மறுநாளே தஞ்சாவூரில் தேடினோம். ஒரு கடையில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரே ஒரு குழந்தை இருக்கை இருந்தது, அதில் பெரிய கரடிப் பொம்மையை உட்காரவைத்திருந்தார்கள். முதுகைக் காட்டி உட்காரவைக்க அது ஆகாது, கவினுக்குச் சரிவராது. "சொன்னீங்கன்னா வரவழைச்சுத் தரேங்க, ஆனா யாரும் கேக்கறதில்ல" என்றார் கடைக்காரர். செந்தில், "அப்பறம் பாத்துக்கலாம் மாமா" என்றான். அந்தப் 'பாத்துக்கலாம்' எப்படிப்பட்டது என்று உங்களுக்கும் தெரியும். கவிதாவைக் கவினோடு பின்சீட்டுக்கு வரவைத்ததோடு சரி, அதற்குமேல் என்னால் முடியவில்லை.

காது குத்தியபோது யாழினி செந்திலின் மடியில்தான் இருந்தாள். ஆசாரி கையை எடுப்பதற்குள் அவள் கோவிலே அதிரும்படி வீறிட்டாள். அவளை விட அதிகமாக செந்திலின் கண்ணில்தான் தண்ணீர். அழுகை ஓய்ந்து அவள் அவன் தோளிலேயே தூங்கிப்போனாள். "பாத்தீங்களா மாமா, இதுக்கு மட்டும் எங்க மடி வேணும்" என்றான், சிரித்துக்கொண்டே. அன்றைக்கு முழுக்க அவளை யாரிடமும் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

திரும்பும் நாளில், திருச்சி விமான நிலையத்தில் பெட்டிகளை இறக்கிவிட்டு, செந்தில் குழந்தை இருக்கையைக் கழற்றக் குனிந்தான். "இருக்கட்டும் மாப்ள" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது.

"அங்க எறங்குனா பாப்பாவ எதுல கூட்டிட்டுப் போவீங்க?" என்றாள் மீனா.

"பாத்துக்கலாம்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

பழைய இருக்கையை யாரிடமிருந்தும் வாங்காதீர்கள், அது ஏதாவது மோதலில் அடிபட்டிருக்கலாம் என்று கடையில் எல்லோருக்கும் சொல்கிறவன் நான். இதன் கதை எனக்கு முழுக்கத் தெரியும், அடி எதுவும் படவில்லை. விமானத்தில் வந்ததால் பிளாஸ்டிக் ஓட்டில் விரிசல் இருக்கிறதா என்று வந்த அன்றே தடவிப் பார்த்துவிட்டேன். கவினுக்காக அதைப் பின்கண்ணாடியைப் பார்க்கத் திருப்பி வைத்து, முழங்காலால் அமுக்கி, பெல்ட்டை இறுக்கினேன். செந்திலை இரண்டு தடவை செய்துகாட்டச் சொன்னேன், தோள் பெல்ட்டைக் கிள்ளிப் பார்க்கச் சொன்னேன். கவின் காலை உதைத்துக்கொண்டு அழுதான். "அழுவுறான் மாமா" என்றான் செந்தில், கை துறுதுறுத்தது. "அழட்டும். தூக்கிராத." கவிதா பின்னால் ஏறி மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வீட்டுக்குப் போயி போட்டோ எடுத்து அனுப்பறேன் மாமா" என்று செந்தில் வண்டியை எடுத்தான். கண்ணாடி வழியாக அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டே போனது. துவாக்குடி வரைக்குமாவது விட்டுவைப்பார்களா என்று தெரியவில்லை.

பர்மிங்காமில் இறங்கியபோது மத்தியானம், சன்னமான தூறல். மீனாவோடு வேலை பார்க்கும் கும்பகோணத்துப் பெண்ணின் கணவர் காரோடு காத்திருந்தார். நிலைமையைச் சொன்னதும், "பத்து மைல்தானே அண்ணே, மடியில வச்சுக்கங்க, யாரு பாக்கப்போறா?" என்றார். பெட்டிகளையும் மீனாவையும் அவர் காரில் அனுப்பிவிட்டு, நானும் யாழினியும் டவுன் பஸ்ஸில் ஏறினோம். இந்த ஊர் டவுன் பஸ்ஸில் பெல்ட் கிடையாது, பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம், சட்டம் ஒன்றும் சொல்லாது. இதில் என்ன நியாயம் என்று என்னைக் கேட்டால் எனக்கும் தெரியாது. பஸ் கனம், போகிற வேகமும் கம்மி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் பிறந்ததிலிருந்து ஓடுகிற வண்டியில் என் மடியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவள் உடம்புச் சூடு என் வயிற்றில் பட்டது. குத்திய காதில் சின்னத் தோடு மினுங்கியது. இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். இவ்வளவு சுகமான ஒன்றைத்தான் செந்தில் கேட்டான், நான் தரமாட்டேன் என்றேன் என்று நினைத்துக்கொண்டேன். பஸ் பிரேக் போடும்போதெல்லாம் கால் தரையில் அழுந்தியது, இரண்டு கையும் அவளைச் சுற்றித் தானாக இறுகியது.

விமானம் ஏறியதிலிருந்து சிக்னல் இல்லாமல் கிடந்த போன் அப்போதுதான் சட்டைப் பையில் அதிர்ந்தது. செந்தில்தான் அனுப்பியிருப்பான். கவின் இருக்கையில் தூங்குகிற படமாக இருக்கலாம், கவிதாவின் மடியில் சிரிக்கிற படமாகவும் இருக்கலாம். எடுத்துப் பார்க்க ஒரு கை வேண்டும். நான் கையை எடுக்கவில்லை.